உறை மாறிய ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்,
11 செப்டம்பர் 1934.

அன்புள்ள தங்கமணிக்கு,

கடலுக்கு அக்கரையில் மேடானில் இருக்கும் உன்னையும் உன் கணவர் பாலன் உபதேசியாரையும் கர்த்தர் பத்திரமாகக் காப்பாராக. நாங்கள் சுகம். ஆனால் இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்துகொண்டு படி.

நீ ஒரே கப்பலில் இரண்டு கடிதம் அனுப்பினாய். ஒன்று சபைக்கு ஊழிய அறிக்கை, மற்றது எனக்கு. உறை மாறிவிட்டது, தங்கமணி.

ஆராதனை முடிந்து ஆற அமரப் படிக்கலாம் என்று உன் கடிதத்தை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அறிவிப்பு நேரத்தில் பொறுமையில்லாமல் பிரித்தேன். “கனம் பொருந்திய செயலாளர் அவர்களுக்கு” என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், செயலாளர் இருதயம் அண்ணன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எனக்கு வர வேண்டிய கடிதத்தை விரித்தபடி பீடத்துக்கு முன்னால் நிற்கிறார். விசிறியை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னேன். சத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரக்க ஆரம்பித்தார்: “அடி ரோசலின்!”

அவரைத் தெரியுமே உனக்கு. தொடங்கிவிட்டால் முற்றுப்புள்ளி வரும்வரை அவரால் நிற்க முடியாது. மாதர் சங்கம் அனுப்பிய கம்பளிக் காலுறைகளை அடுப்புச் சட்டி இறக்கப் பயன்படுத்துகிறாய் என்று வாசித்தார். வெளிநாடு என்றாலே குளிர் என்று நினைத்து மூன்று மாதம் பின்னிய பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இராஜம்மா அக்கா அனுப்பிய ஊறுகாயை நக்கிய நாய் அன்று முழுதும் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை என்பதையும் வாசித்தார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். “செயலாளர் ஆத்துமாக்களை எண்ணுவதைப் பார்த்தால் ஆட்டுச் சந்தை ஞாபகம் வருகிறது” என்ற வரியையும் மனிதர் விடவில்லை. காது மட்டும் சிவந்தது.

அதற்கடுத்த பத்தியில்தான் அவர் குரல் இறங்கியது. உனக்கு ஐந்து மாதம் என்றும், போன வருஷம் போலவே ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய் என்றும், உபதேசியார் தோட்டம் தோட்டமாக ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கும்போது சமையற்கட்டில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள்கிறாய் என்றும் வாசித்தார். “இதை இங்கே யாரிடம் சொல்வேன்?” என்று நீ முடித்திருந்தாய். அவர் பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றார். சபையும் “ஆமென்” என்றது.

இராஜம்மா அக்கா எழுந்தார். ஊறுகாய்ச் சண்டை வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். “ஊறுகாய நான் அவகிட்ட நேர்ல பேசிக்கிறேன். புள்ளத்தாச்சி தனியா கெடக்குறா. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பாதிப் பிள்ளைங்க என் கையில பொறந்ததுதானே? நான் போறேன் லா,” என்றார்.

மிஷன் நிதி ஊழியத்துக்கு மட்டும்தான், பிரசவம் பார்க்க விதியில் இடமில்லை என்று இருதயம் அண்ணன் மெதுவாகச் சொன்னார். “ரெண்டு பேர அனுப்புனீங்களே, ஒருத்தர மட்டும்தான் ஊழியர்னு நெனச்சீங்களா அண்ணே?” என்று அக்கா கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் அவரே தீர்மானத்தை எழுதினார்: “சகோதரி இராஜம்மா, விசேஷ ஊழியராக, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை.” எல்லாரும் கை தூக்கினார்கள். காலுறை பின்னியவர்களும்தான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறுகிறார். உபதேசியாரைத் துறைமுகத்துக்கு அனுப்பு. அக்காவுக்குக் கடல் பயம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். முதல் இரண்டு நாள் சமையற்கட்டை அவரிடம் விட்டுவிடு, எதிர்த்துப் பேசாதே. உன் பயத்தை உபதேசியாரிடமும் சொல்லிவிடு. ஊருக்கெல்லாம் தெரிந்தபின் அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது நன்றாக இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் உன் மகள் பிறந்து மூன்றே நாள் உயிரோடிருந்து போனபோது நாங்கள் இங்கே அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. தனியாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை, தங்கமணி.

அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாய்? எனக்கு எழுது. இனி ஒவ்வொரு ஜெபத்திலும் அவள் பெயரையும் சொல்ல வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
ரோசலின்