வத்தல்மலைக்கு ஒரு பை

ஏப்ரல் 6, 2025. ஞாயிறு

இன்று பெட்டி கட்ட என் முறை. டார்ச், சுக்குப்பொடி, தமிழ் அகராதி, காது மூடும் குல்லா என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "இந்த வெயில்ல குல்லா எதுக்குங்க?" என்று மாதவராஜ் கேட்டார். காதில் காற்று பட்டால் எனக்கு எழுத வராது என்றேன்.

இரண்டு வருடமாக நடக்கும் விளையாட்டு. வத்தல்மலையில் ஒரு வீடு. சுமலதா, மாதவராஜ், கதிரவன், நான். எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. உண்மையில் வீடும் கிடையாது, தேதியும் கிடையாது. ஞாயிறுதோறும் பெட்டி மட்டும் கட்டுகிறோம். வாரம் முழுக்க லேபில் ஊரார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அதுவே போதும்.

ஏப்ரல் 13

கதிரவனின் மாமாவுக்கு மலையில் நிஜமாகவே ஒரு வீடு இருக்கிறதாம், காபித் தோட்டத்துக்குள். மே இரண்டாவது வாரம் தங்கிக்கொள்ளலாமாம்.

"அனம், நெசமாவே போறோம்டி" என்று சுமலதா போனில் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்காரர் நிசாரிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "போயிட்டு வா, ஆஃப்ரினை நான் பாத்துக்கறேன்" என்றார். இவ்வளவுதானா? பேசுவதற்கு என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 20

நிசாருக்கு அதியமான்கோட்டையில், ஹைவே ஓரம், லாரி சீட் தைக்கிற கடை. இன்று ஒரு பையோடு வந்தார். அவரே தைத்தது. மெரூன் ரெக்சின். நோட்டுக்குத் தனி அறை, கண்ணாடிக்கு ஒன்று, பேனாவுக்கு ஒன்று. "மழை வந்தாலும் எழுதினது நனையாது" என்று ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை.

சுமலதாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். பையைப் பற்றியே வெகுநேரம் பேசினோம். அவள் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் உருது. இருவருக்கும் தமிழ் வெளியே கிடைத்ததுதான். அவளிடம் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மே 4

"கூரை வேலை நடக்குதாம். மழைக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் சுமலதா. லேபில் லீவை ரத்து செய்தேன். பையிலிருந்த துணிகளை எடுத்து பீரோவில் வைத்தேன்.

மே 10

மாதவராஜின் ஸ்டேட்டஸில் ஒரு படம். பனி, காபிச் செடிகள், போர்வை போர்த்திய மூன்று பேர். நடுவில் சுமலதா.

கொஞ்ச நேரத்தில் படத்தை நீக்கிவிட்டார். அதற்குள் பார்த்துவிட்டேன்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வெச்சா ஒண்ணும் தெரியல. திருகித் திருகிப் பாக்கறேன், தெரியல. அழறோம்னே அப்புறம்தான் புரிஞ்சது.

மே 12

நானே கூப்பிட்டேன்.

"உனக்குச் சங்கடம் வேணாம்னுதான்டி சொல்லல" என்றாள் சுமலதா. "ரெண்டு ஆம்பளைங்க கூட ராத்திரி தங்கறது... உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு கதிரவன் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

"ஒத்துக்கிட்டாங்கன்னு உங்கிட்ட சொன்னேனே."

"சொன்ன. கடைசி நேரத்துல மாத்திப் பேசிட்டா? உனக்குத்தானே பிரச்சனை."

உன் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது இப்படி நினைத்தார்களா, சுமலதா? அவர் மாற்றிப் பேசுவார் என்று யாராவது பயந்தார்களா? கேட்கவில்லை. கேட்டிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு.

நிசாரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இன்னும் கூரை வேலை நடக்கிறது.

ஜூன் 22

சுமலதாவின் கதை ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது. மலையில் எழுதியதாம். ஷபனா என்று ஒருத்தி. தோழிகளோடு மலைக்குப் போய் எழுத ஆசைப்பட்டுப் பை கட்டுகிறாள். மெரூன் ரெக்சின் பை. புருஷன் வாசலில் மறிக்கிறான், பையைப் பிடுங்கித் தெருவில் வீசுகிறான். மழையில் நோட்டு ஊறுகிறது.

நன்றாக எழுதியிருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 23

பத்திரிகையை ஒளித்து வைத்திருக்கலாம். மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். நிசார் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மகள் ஆஃப்ரினைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் வரும்போது இரண்டு பேரும் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களோடு உருதுவில்தான் பேசுவார். மனசு விட்டுப்போனால் கடைத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"அந்தப் பையை நான் வீசினேனா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, போட்டோ, போன். கடைசியில், "சுமலதாவோட ஸ்கூட்டி சீட்டுக்கு நான்தானே உறை தெச்சுக் குடுத்தேன். நின்னு பேசிட்டுத்தானே போனாங்க. அப்பவும் என்னைப் பாத்து இப்படித்தான் நெனச்சிருப்பாங்களா?" என்றார்.



ஜூன் 24

"கதைதானே அனம். நீயும் எழுதறவ. உனக்குத் தெரியாதா?" என்கிறாள் சுமலதா போனில். "உங்களுக்காகத்தான் எழுதினேன். எத்தனை பேர் போன் பண்ணி அழறாங்க தெரியுமா?"

"யாரை நெனச்சு அழறாங்க?"

போனை வைத்துவிட்டேன். உங்களுக்காக என்றாளே, அந்த 'உங்க'ளில் யார் யார் இருக்கிறோம்?

ஜூலை 13

தர்மபுரியில் அந்தக் கதைக்குக் கூட்டம். என்னையும் பேசச் சொல்லி மாதவராஜ் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. போனேன். நிசார் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வர மாட்டேன் என்றார்.

பேசியவர்கள் எல்லாரும் ஷபனாவுக்காக வருந்தினார்கள். என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போனதை எடுக்கவே இல்லை.

"அந்தப் பை எங்க வீட்டுல இருக்குங்க. அதைத் தெச்சுக் குடுத்தவர் வெளியே வண்டியில உக்காந்திருக்கார். என்னை யாரும் தடுக்கல. கூட்டிட்டுப் போறோம்னு சொன்னவங்கதான் கூப்பிடல."

சுமலதா தலை நிமிரவில்லை. டீ வந்தது. எல்லாரும் அவசரமாக எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் சுமலதா என் கையைப் பிடித்தாள். "நேர்ல வந்து திட்டியிருக்கலாம்ல, அனம்? இத்தனை பேர் முன்னாடி..."

"நீ எழுதினதும் இத்தனை பேர் முன்னாடிதான்."

கையை விடுவித்துக்கொண்டேன். வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ஜூலை 20

ஞாயிறு. குரூப்பில் யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. விலகிவிட்டேன்.

ஆகஸ்ட் 16. வத்தல்மலை

நேற்று பஸ்ஸில் வந்தேன். இந்த முறை நிசாரிடம் கேட்கவில்லை. போகிறேன் என்றேன். கொஞ்சம் திகைத்தார். பிறகு பஸ் நேரம் விசாரித்து வந்தார்.

முருகேஷ் என்பவர் வீட்டில் ஓர் அறை. காலையிலிருந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு சிநேகிதியைப் பற்றி. அவள் சிரிப்பையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் அவள் நிசாருக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேன். அந்த இடத்தில் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்வந்தேன்.

முருகேஷின் அம்மா ரங்கம்மாள் சாமைக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவினார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"வூட்ல அனுப்பிச்சாங்களா?"

"நானா வந்தேங்க."

சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "சரி, களி ஆறுது. சாப்ட்டுட்டு எழுதுங்க" என்று உள்ளே போனார்.