பலகையையும் வாசித்த பள்ளி

பொலிக. வெண்கரை நாடு முழுதுடைய திருநிலை மாதேவியார் திருவாய் மலர்ந்தருள, அரண்மனை எழுத்தன் நக்கன் சேந்தன் வரைந்த ஓலை. தென்கரைக் கூற்றம் காக்கும் தலைவர் எயினன் மாறனார் காண்க. உம் ஏரிகள் நிறைக. உம் களங்கள் பொலிக. உம் குடிகள் அச்சமின்றி வாழ்க.

ஊருக்கொரு பள்ளியும் பள்ளிக்கொரு சுவடியுமாய், பாட்டன் ஓதியதையே பேரனும் ஓதும் நிலை கண்டு, எல்லாப் பள்ளிச் சுவடிகளையும் பொதுவிற் சேர்த்துப் பருவந்தோறும் ஊர் மாற்றி அனுப்பும் பொதுச் சுவடிச்சாலையைத் தேவியார் நிறுவியது நீர் அறிந்ததே. நாடு மகிழ்ந்த அச்செய்தி, உம் கூற்றத்து நெடுமருங்கூர்க் கணக்காயர் பூதனார் தலையில் மட்டும் இடியாய் விழுந்தது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் அவருக்கே எழுத்துத் தெரியாது.

முன்பு கணக்காயராயிருந்த தந்தை பாம்பு தீண்டி மாண்டபோது, கணக்காயர்க்கென விட்ட நிலமாகிய பள்ளிக்காணி கைவிட்டுப் போனால் தாயும் தங்கையரும் தெருவில் நிற்பரே என்றஞ்சி, காதால் கேட்டுப் பழகிய உழவுச் சுவடியை நம்பி அவர் ஆசனம் ஏறினார். எவ்வடியில் ஏடு புரட்ட வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகளும் அவ்வாறே ஓதினர், அவ்வாறே புரட்டினர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறோம். இவர் மறைத்து ஊருக்கே பரிமாறியும் விட்டார்.

உழவுச் சுவடி போய்க் கால்நடை மருத்துவச் சுவடி வந்தது. பூதனார் அதன் கயிற்றை அவிழ்க்கவில்லை. செம்பட்டில் சுற்றி மஞ்சளும் குங்குமமும் இட்டு, இது தெய்வ ஏடு, அவிழ்த்தால் ஊரில் அம்மை பரவும் என்று அறிவித்தார். பிள்ளைகள் நாள்தோறும் அதை வலம் வந்து வணங்கினர். பொய்யுரைத்துப் பள்ளிக்காணி உண்டவரைக் காணி பறித்துக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அப்பால் ஓட்டுவது இந்நாட்டு முறை. ஆதலால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் குளம்பொலி கேட்டாலே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

ஒருநாள் அக்குளம்பொலி பள்ளி வாயிலில் நின்றது. பொதுச் சுவடிச்சாலையை மேற்பார்க்கும் சுவடி நாயகம் வெண்காடனார் செம்பட்டை நீக்கி ஏட்டை ஓதுமாறு பணித்தார். பிள்ளைகள் புதிய ஏட்டைப் பிடித்துக்கொண்டு பழைய பாடத்தைக் கணீரென்று ஓதினர். வெயிலில் வந்த களைப்பில் நாயகமும் கண்மூடித் தலையசைத்தார். மருத்துவச் சுவடியோ சிறியது. நாற்று நடும்போதே ஏடு தீர்ந்து, சுவடிக்குக் காப்பாய்க் கட்டிய மர அடிப்பலகை வந்துவிட்டது. பிள்ளைகள் நிறுத்தவில்லை; வெறும் பலகையை உற்றுநோக்கி அறுவடை வரை ஓதி முடித்தனர். அவர்கள் பலகையை மூடிய ஓசையில் நாயகம் கண் விழித்து, மாட்டு மருத்துவ ஏட்டில் அறுவடை எங்கே உள்ளது என்று கேட்டார். பூதனார் நின்ற இடத்தில் தரை நனைந்தது. நாயகம் எழுதியனுப்பிய இச்செய்தியை அவையில் வாசித்தபோது சிரித்தவரைத் தேவியார் ஒருமுறை நோக்கினார். பிறகு எவரும் சிரிக்கவில்லை.

நாயகம் வினவியபோது பூதனார் எதையும் மறுக்கவில்லை என்றும் அதில் இருந்தது. தந்தை மாண்ட நாள்முதல் தாம் ஆழ்ந்து உறங்கியதில்லை என்றும், ஏதேனும் ஒரு பிள்ளை எழுத்தைச் சுட்டி இஃதென்ன என்று கேட்டுவிடுமோ என்பதே தம் பேரச்சம் என்றும், அவ்வாறு கேட்ட ஒரு சிறுமியை அடித்துவிட்டதாகவும், அவள் பின்பு எதையுமே கேட்டதில்லை என்றும் சொல்லி அழுதார். அது கேட்டுத் தேவியாரும் அஞ்சினார். இன்னும் எத்தனை ஊர்களில் பிள்ளைகள் பலகையை வாசிக்கின்றனரோ, யார் அறிவார்?

ஆகவே திருவாணையாவது: நெடுமருங்கூருக்கு வேறு கணக்காயர் வருவார். பூதனார் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பயில்க. அவர் தேறும்வரை அவர் வீட்டில் அடுப்பு அணையாமல் நீர் பார்த்துக்கொள்க. அவர்தம் தீர்ப்பு இவ்வோலையின் கடைசி அடியில் உள்ளது. நீர் கண்டபின் ஓலையை அவர் கையிலேயே கொடுப்பீராக. அவ்வடியை எவரும் அவருக்கு வாசித்துக் காட்டலாகாது, முகக்குறிப்பாலும் உணர்த்தலாகாது. அவரே ஊர்மன்றில் நின்று வாசிக்கும் நாளில் அது நிறைவேறுக. வாசியாமலே அவர் காலம் கடத்தலாமே என்று அமைச்சர் ஐயுற்றார். தம் தீர்ப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எவரால் வாளாவிருக்க முடியும் என்று தேவியார் அருளினார். அவர் அஞ்சுவார், அஞ்சட்டும். இத்தனை காலம் பொய் சொல்ல வைத்த அச்சம், இனி எழுத்துக் கூட்ட வைக்கட்டும்.

இது நாரை முத்திரை பதித்த ஆணை. காத்தவர் குடி தழைக்க. மீறியவர் முத்திரைக்கு விடை சொல்க.

பூதனாரே, காணி உமதே. வாசித்துவிட்டீர், இனி உறங்கும்.