பெயர் சொல்லாமல் விட்ட தண்ணீர்

இன்று காலை எங்கள் தெருவில் லாரி வந்து சரளைக் கல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனது. ரோடு போடப் போகிறார்களாம். எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பால் வாங்கப் போன நான் அதன்மேல் நடந்தேன். செருப்புக்கடியில் கல் நறநறவென்று சத்தம் போட்டது. நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டேன். பால்காரப் பெண் "இன்னா சார், முள்ளு குத்திச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஜெர்மனியில் நாம் இரண்டு பேரும் பார்த்த டாக்காவ் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் அதை உன்னிடம்தான் பேச முடியும்.

எழுபதுகளின் நடுவில் நம் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஜெர்மனியிலிருந்து புது பிரஸ் மெஷின் வாங்கியது. அதைக் கற்றுக்கொண்டு வர மியூனிக் பக்கம் மூன்று மாதத்துக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். ஃபிட்டர் நீ, ஆபரேட்டர் நான். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குப்பத்தில் பிறந்த நீயும், திருவள்ளூரில் கோயில் கைங்கரியமும் அமாவாசைத் தர்ப்பணமும் செய்துவைக்கிற வீட்டில் பிறந்த நானும் ஒரே அறையில் ஒரே ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தர்ப்பைக் கட்டுக்குப் பயந்து ஐடிஐக்கு ஓடிப்போனவன் நான். அது தெரிந்தும் நீ என்னைச் "சாமி" என்றே கூப்பிட்டாய். எனக்குக் கறி ஆகாது என்பதைக் கேன்டீன்காரர்களுக்குப் பன்றி மாதிரி உறுமிக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டிப் புரியவைத்தாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அதே ஹீட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். "சாமி, டாக்காவ்னு ஒரு ஊரு கீதாம். சண்டைக் காலத்துல ஆளுங்கள அடைச்சி வெச்சி சாவடிச்ச கேம்பு. இப்ப ஜனங்க பாக்கறதுக்கு உட்டுகிறாங்களாம். நாளைக்கு ரயில்ல போயி பாத்துக்கினு சாயந்தரம் வந்துரலாம்."

லீவு நாளில் சாவு வீட்டுக்கா என்று முணுமுணுத்தேன். எனக்குக் கடைத்தெரு பார்க்க ஆசை. உனக்கு ஏன் அங்கே போக வேண்டியிருந்தது என்று அப்போது தெரியவில்லை.

உள்ளே நுழைந்ததும் பெரிய சரளைக்கல் மைதானம். கைதிகளை வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணிய இடம். கொட்டகைகளை இடித்துவிட்டு, அவை இருந்த இடம் தெரிய நீளநீளமாகச் சிமென்ட் விளிம்பு கட்டி, நடுவில் கல் பரப்பியிருந்தார்கள். பார்வைக்கென்று திரும்பக் கட்டிய கொட்டகையில் அடுக்கடுக்காகப் பலகைப் படுக்கைகள். அங்கே வந்த ஜனங்கள் யாரும் குரல் எழுப்பிப் பேசவில்லை. நம் இருவர் காலடிச் சத்தம்கூட எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

மியூசியத்தில் எலும்பும் தோலுமான ஆட்கள் கல் சுமக்கிற படம் ஒன்று. நான் ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோதும் நீ அதன் முன்னாலேயே நின்றாய்.

"எங்க நைனாவும் இப்பிடித்தான் இருந்திருப்பாரு இல்ல?" என்றாய்.

உன் அப்பா கதை எனக்குத் தெரியும். நீ வயிற்றில் இருக்கும்போது அவர் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். சண்டையில் ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடத் தமிழாட்களைச் சயாம் காட்டுக்கு ஏற்றிப் போனார்கள். அந்த லாரி ஒன்றில் அவரைப் பார்த்ததாகத் திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அதோடு சரி. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை.

உன் அம்மா மட்டும் தீர்மானமாக இருந்தார். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்காக மீன் படாத பானையில் சோறு வடித்துக்கொண்டே, "வருவாரு சாமி, சொல்லிட்டுத்தான போனாரு" என்பார். பன்னிரண்டு வருஷம் பார்த்தாயிற்று, காரியம் செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் வந்தபோது அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாராமே. அதனால் நீ ஓர் அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை. விட்டால் அவர் செத்ததாக ஆகும். அம்மாவின் பொட்டை மகனே அழித்ததாக ஆகும்.

பின்பக்கம், மரங்களுக்கு நடுவில், பிணங்களை எரித்த உலைகளுக்குப் பக்கத்தில் சாம்பலைப் புதைத்த இடம் இருந்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் கல்லறை என்று எழுதியிருந்ததை என் அரைகுறை ஜெர்மனில் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். வயதான அம்மாள் ஒருத்தி பூ வைத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"சாமி, மந்திரம் சொல்லு. நைனாவுக்குத் தண்ணி உடறேன்."

"அம்மாவக் கேக்காம எப்பிடிடா?"

"கேட்டா உடுவாளா? எனக்கு முப்பத்தஞ்சு வயசாவுது. அந்த மன்ஷன் தாகத்தோட கெடந்து செத்தாரா இன்னான்னு தெரியல. ஒரு கை தண்ணி உட எனக்குத் துப்பில்ல."

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. நான் மந்திரம் சொல்லி நீ அந்தப் பெயரைச் சொன்னால் உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? மாட்டேன் என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்போதுதான் அந்தக் கடைசிக் கை தண்ணீர் ஞாபகம் வந்தது. அம்மா, அப்பா, உறவு, நட்பு என்று யாருமே இல்லாமல் போனவர்களுக்காகத் தர்ப்பணத்தின் முடிவில் விடுவது. அதற்குப் பெயர் கிடையாது, கோத்திரம் கிடையாது. குளக்கரையில் என் தகப்பனார் அந்த இடத்தை மட்டும் அவசரமாகச் சொல்லி முடிப்பார். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பாரே.

"பேர் சொல்லாம உடலாம்டா," என்றேன். "இங்க செத்தவங்களுக்கும், யாரும் இல்லாம எங்கெங்கயோ செத்தவங்களுக்கும் சேத்து. நைனா அந்தக் கூட்டத்துல இருந்தா அவருக்கும் போய்ச் சேரும். உசுரோட இருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"அம்மா பொட்டுக்கு?"

"ஒண்ணும் ஆகாது."

தெற்கு பார்த்து விட வேண்டும். வானம் மூடிக் கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். எள்ளுக்கு எங்கே போவது? ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன தண்ணீர்தான். நீ ஷூவையும் கையுறையையும் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் மண்ணில் நின்றாய். மறந்துபோச்சு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மந்திரம் எனக்கு ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. கட்டைவிரல் பக்கமாகத் தண்ணீரை விட்டாய். விட்டு முடித்து அப்படியே நின்று அழுதாய். நானும் அழுதேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"பேரு சொன்னியா?"

"சொல்லலம்மா."

இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மத்த ஜனங்களுக்கும் சேத்துத்தான உட்ட? பாவம், நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு என் இலையில் மோரை ஊற்றினார். அன்று எனக்கு உள்ளே இறங்கிய சோறு போல எந்த விருந்திலும் இறங்கியதில்லை.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் உன் அம்மா காலமானார். சிவப்புப் புடவையா வெள்ளையா, தலையில் பூ வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ எழுந்து, "பூ வைங்க. எங்கம்மா பொட்டோடதான் போவா," என்றாய். பெண்கள் பூவை எடுத்து வைத்தார்கள். இவ்வளவு குங்குமத்தோடு ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

காரியமெல்லாம் முடிந்து வந்த ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர் வந்தாய். குளத்துப் படிக்கட்டில் அவ்வளவு கூட்டத்திலும் என் காதருகே குனிந்து, "இப்ப சொல்லலாமா, சாமி?" என்றாய். சொல்லு என்றேன். உன் அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்கிறவர் இல்லை. உனக்கு அவர் எப்போதும் நைனா. எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் பெயருக்கு முன்னால் நிற்கிற ஓர் எழுத்து. நாற்பதைத் தொட்ட ஆள், வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அவர் பெயரைச் சொன்னாய். பக்கத்துப் படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு இரண்டும் பெண்கள். தூரத்தில் வாழ்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை நான் குளத்துக்குப் போகிறேன். என் தகப்பனாருக்கும் தாத்தாவுக்கும் விட்ட பிறகு அந்தக் கடைசிக் கை வருகிறது. அதற்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது முறை. என் தகப்பனார் இருந்திருந்தால் அங்கேயே திட்டியிருப்பார். நான் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். முதலில் உன் நைனா பெயர், அப்புறம் உன் பெயர்.