இருபதடி

ஜூலை 6

ஆடிட்டர் போன அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் மருதாசலம் அண்ணன் எங்கள் காதடைப்பான்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். எண்ணி வாங்கினார். ஒன்று குறைந்ததென்று மெஷினுக்கு அடியில் குனிந்து தேடச் சொன்னார்.

ஆரஞ்சு நிறக் கயிறு கோத்த ரப்பர் குமிழ். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிப் பார்க்கும் நாளில் மட்டும் துணி பின்னுகிற நிட்டிங் ஹாலில் எல்லோர் காதிலும் இருக்கும். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் டப்பாவுக்குள் போய்விடும்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு மெஷின் ஓடாதுங்களா?" என்று கேட்டேன்.

"அம்மணி மிலிட்டரிக்குப் போகுதல்ல, இப்பவே சட்டம் பேசுது" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். முதலாளி என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் ஆப்பரேட்டர். அவருக்குக் காது கேட்காது என்பது நல்லூரில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

செப்டம்பர் 2 தில்லியில் நேர்காணல். மறுநாள் மருத்துவப் பரிசோதனை. ராணுவ நர்சிங். நான்கு வருடப் படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்கள் செலவு. முடித்தால் அதிகாரி. எங்கள் லைன் வீடுகளில் இதுவரை ஒரு பெண் சூப்பர்வைசர்கூட ஆனதில்லை.

நான் ஆவேன்.

ஜூலை 8

நேர்காணலுக்குப் போகிறவர்களின் டெலிகிராம் குழுவில் மெடிக்கலுக்கான பட்டியல் போட்டிருக்கிறார்கள். பல்லைச் சுத்தம் செய். எடை சரியாக இருக்கட்டும் (எனக்கு இரண்டு கிலோ குறைவு). ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள். காது அழுக்கை எடு. அழுக்கு இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"காதுக்கு எதுக்குத்தா டாக்டரு? எண்ணெயக் காச்சி ஊத்துறேன், தானா வந்துரும்" என்றாள் அம்மா. அவள் வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள். மடி நிறைய நூல்.

வேண்டாம். டாக்டரிடமே போகிறேன்.

ஜூலை 13

அழுக்கு இல்லை.

டாக்டர் ஆஷா கருவியை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். "சுத்தமா இருக்கு. யார் அனுப்பினாங்க?" என்றார். சொன்னேன். தேர்வைப் பற்றி விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேசிக்கொண்டே தாடையில் கிடந்த மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டார். எனக்குப் பதில் நின்றுபோனது.

மாஸ்க்கை இறக்கினார். "இப்ப நான் என்ன கேட்டேன்?"

தெரியவில்லை.

"நீங்க காதால கேக்கல. என் வாயைப் பாத்துக் கேக்கறீங்க. எங்க வேலை?"

"நிட்டிங்ல துணி செக்கிங்."

"எத்தனை வருசம்?"

"வேலை ஒரு வருசம். வீடு பத்தொம்பது வருசம்."

புரியவில்லை அவருக்கு. விளக்கினேன். ஆப்பரேட்டர் குடும்பத்துக்கு வாடகையில்லாமல் வீடு. ஹாலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பன்னிரண்டு மெஷின், இரண்டு ஷிஃப்ட், ஞாயிறு பகலில் மட்டும் நிற்கும். நான் பிறந்ததே அந்தச் சத்தத்துக்குள்தான்.

கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எனக்கு நேரம் போனதுதான் தெரிந்தது. வெளியே வந்தபோது தாளில் இரண்டு கோடு. இரண்டும் கடைசியில் பள்ளத்தில் விழுகின்றன. இடது காது ஆழமாக.

மிலிட்டரியில் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். இருபதடிக்கு அந்தப் பக்கம் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி சொல்வார்களாம். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டி நின்றுகொண்டு.

முதுகைக் காட்டி!

"ஒரு மாசம் சத்தத்துலேந்து முழுசா விலகி இருங்க. திரும்பறது அதுக்குள்ள திரும்பிடும். மத்தது வராது. எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது."

பஸ்ஸில் அழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பேசுவதை அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுப் பார்த்தேன். இரைச்சல். அவ்வளவுதான். இத்தனை நாள் எனக்குக் கேட்கிறது என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 14

எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. அப்பாவுக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் லைன் முழுக்கக் கேட்கும்.

"செவிடா? எவஞ் சொன்னான்?" என்றார் அப்பா.

"செவிடு இல்லப்பா. கொறைஞ்சிருக்கு. மெஷின் சத்தத்தால."

"இருவத்திரெண்டு வருசமா ஓட்டுறேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? இந்த ஹால்ல நின்னு ஒருத்தனாச்சும் செத்தானா?"

அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் அக்கா கத்தினாள்: "யாருடி செத்தது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்து முடித்த பிறகு அம்மா கேட்டாள், "வயசுப்புள்ளைய நான் எங்க கொண்டுபோயி விடுவேன்?"

ஒரு மாதம் சத்தம் இல்லாத இடம். பணக்காரர்கள் இதை வீடு என்கிறார்கள்.

ஜூலை 17

கீதாஞ்சலிக்குப் போன் செய்தேன். பிளஸ் டூவில் என் பெஞ்ச். அவள் வீடு குண்டடத்தில், தோட்டத்துக்குள்.

"எங்கூட்டுக்கு வாடி வேலு. ஆடு மட்டும்தான் கத்தும். எங்கம்மா அதுக்கு மேல கத்தும், வாயக் கட்டி வெச்சர்றேன்."

வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். பண்டிகை ஆர்டர் நேரத்தில் இப்படிச் செய்யலாமா கண்ணு என்றார். காரணத்தைச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் துணி ரோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் ஒடம்பு வாகு" என்றார்.

ஒடம்பு வாகு! பன்னிரண்டு மெஷினில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே வாகு!

ஜூலை 20

குண்டடம். காதுக்குள் ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. லைன் வீட்டில் இருந்தபோது இது கேட்டதே இல்லை.

ஜூலை 24

வேப்பமரத்திலிருந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் டேப் பிடித்து அளந்து இருபதடியில் ஒரு கல் போட்டிருக்கிறோம். நான் மரத்தைப் பார்த்து நிற்பேன், ஒரு காதைப் பொத்திக்கொண்டு. கீதாஞ்சலி கல்லில் நின்று மூச்சுக்குரலில் எண்களைச் சொல்வாள். கேட்காவிட்டால் அடியடியாக நெருங்கி வருவாள்.

வலது: பதினாலடியில் கேட்டது. இடது: ஏழடி.

இருபதடியில் நான் தலையாட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "எருமை, குரங்கு, உன்ற மூஞ்சிக்கு மிலிட்டரி ஒரு கேடான்னு கேட்டேன். நல்லாத் தலைய ஆட்டறே!"

அவள் அம்மா, அனுசுயாம்மா, உள்ளேயிருந்து, "ஏன் கண்ணு, அவ சொல்றதையெல்லாம் கேக்கறதுக்கா காதச் சரி பண்ணறே?" என்றார்.

ஜூலை 30

வலது 17. இடது 9. எடை ஒரு கிலோ கூடிவிட்டது.

ஆகஸ்ட் 3

நான் ஏமாற்றுகிறேன். இன்றுதான் கண்டுபிடித்தேன். கீதா இருபதிலிருந்து ஐம்பதுக்குள்தான் சொல்கிறாள். பாதி கேட்டு மீதியை ஊகிக்கிறேன். டெலிகிராம் குழுவிலும் இதையே சொல்லித்தருகிறார்கள்: வழக்கமாக இன்ன எண்கள்தான் வரும், மனப்பாடம் செய்துகொள்.

எதற்காகப் போகிறேன்? கட்டுப் போட்டுக் கிடக்கிறவன் எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு முனகினால் ஊகிக்கவா முடியும்?

ஊகித்துச் சொல்கிற பொய்யை நான் கொண்டுபோகப் போவதில்லை. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வேன். நாளை முதல் கீதா எண்களை விட்டுவிட்டு வாய்க்கு வந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். திட்டுவது கூடாது என்றேன். அப்படியானால் வரமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 9

அப்பா போன் செய்தார். அவர் போன் பேசுவது ஒருவழிப் பாதை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"செக்கிங்குக்கு ஆளு இல்ல. ஆர்டர் போகணும். ஆளு குடுக்காட்டி வீட்டக் காலி பண்ணச் சொல்றாரு மொதலாளி. பத்து நாளு வந்து நின்னுட்டுப் போத்தா." வைத்துவிட்டார்.

பத்து நாள். இருக்கிற நாளே இருபத்து மூன்றுதான். இடது இப்போதுதான் பதிமூன்று அடி.

திரும்ப அழைத்தேன். அம்மா எடுத்தாள்.

"வரமாட்டேம்மா."

"நீ வர வேணாம். நான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"நீ எதுக்கு நிக்கணும்? அந்தாளு யாரு வீட்டக் காலி பண்ணச் சொல்ல? இருபத்திரெண்டு வருசம்மா!"

"கத்தாத. நீ கத்துனா அனுசுயாம்மாவுக்குக் கேக்கும்."

நான் போகாமல் இருப்பதற்காக அம்மா போய் நிற்கிறாள். இதை வேறு எந்த மாதிரியும் எழுத வரவில்லை. போயிருக்கலாமா? போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். போகாததால் அவள் காது போகிறது. யாராவது ஒருத்தி நின்றாக வேண்டும் என்று கணக்குப் போட்டவன் மட்டும் ஹாலுக்கு வெளியே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 10

காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னேன். வைத்திருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கவில்லை என்று முதலாளி திட்டியதும் எடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12

பயிற்சி இல்லை. கீதா வந்து கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 13

"உங்கம்மா நிக்கறது நீ இங்க படுத்துக் கெடக்கறதுக்கா?" என்றாள் கீதா. பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. எழுந்தேன். இடது 14.

ஆகஸ்ட் 20

டாக்டர் ஆஷா மறுபடி கூண்டில் உட்கார வைத்தார். வலது கோடு ஏறிவிட்டது. இடது பாதிதான். "இதுக்கு மேல வராது. இத வெச்சுத்தான் நீங்க பரீட்சைக்குப் போகணும். எல்லையில இருக்கீங்க" என்றார்.

ஆப்பரேட்டர்களுக்கெல்லாம் இந்தச் சோதனை செய்யச் சொல்லிச் சட்டம் இல்லையா என்று கேட்டேன். அவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

நல்லூருக்குப் போகவில்லை. அம்மாவைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி அங்கே பார்த்தேன். ஆர்டர் முடியும்வரை அவளை நிற்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. வந்ததும் கத்திப் பேசினாள். பத்தே நாளில்.

ஆகஸ்ட் 31

ரயில். அப்பா வருகிறார், சம்பளமில்லா லீவில். அவர் மெஷினை வடக்கத்தி ஆள் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நேற்று இரவு காதுக்கு ரப்பர் குமிழ் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். ரயில் சத்தத்திடமும் தோற்க எனக்கு விருப்பமில்லை.

மதியம் ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு எப்போ கேக்காமப் போச்சுன்னு எனக்கே தெரியலத்தா. எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

ஜூலை பதினாலாம் தேதிக்குப் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. நான் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, வாய் தெரியும்படி, "சாப்பிடலாமாப்பா" என்றேன்.

செப்டம்பர் 2

நேர்காணல். ஏன் ராணுவம் என்றார்கள். இலவசமாகப் படிக்க முடியும், கிடைக்கிற வேலையை யாரும் பறிக்க முடியாது என்றேன். நாட்டுக்காக என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதுவும் உண்டு, ஆனால் அது இரண்டாவது என்றேன். ஓர் அதிகாரி சிரித்தார். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

செப்டம்பர் 3

எடை சரி. ரத்தம் சரி. பாதம், கண், பல் சரி.

"சுவரைப் பார்த்து நில்." பச்சைப் பெயின்ட் அடித்த சுவர். உதவியாள் ஒருத்தி என் இடது காதை விரலால் அழுத்தி அசைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் எங்கேயோ பெண் அதிகாரியின் குரல். ஆங்கிலத்தில் வார்த்தைகள். வலது: எல்லாம் கேட்டது.

இடது: முதல் இரண்டும் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. வார்த்தையின் வால் மட்டும் வந்தது. ஊகித்திருக்கலாம். நாக்கில் ஒரு வார்த்தை தயாராகவே நின்றது.

"கேட்கவில்லை மேடம். இன்னொரு தடவை சொல்லுங்கள்."

அதே மெல்லிய குரலில் சொன்னார். பிடித்துவிட்டேன். நான்காவது சரி. ஐந்தாவது இரண்டு தடவையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே சொன்னேன்.

ஏதோ எழுதினார். நாளைக் காலையில் கண்ணாடிக் கூண்டுச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். வெளியே அப்பா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கையை விரித்தேன்.

செப்டம்பர் 4

கூண்டு. பட்டன். கண்ணை மூடிக்கொண்டேன். மிகச் சிறிய சத்தங்களுக்கும் அழுத்தினேன். சந்தேகமாக இருந்தால் அழுத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அந்த அதிகாரி கூப்பிட்டார். தாளில் முத்திரை. தகுதி. "இடது காது விளிம்பில் நிற்கிறது. இனி ஒருநாள்கூடச் சத்தத்தில் நிற்கக்கூடாது. ஒருநாள்கூட, புரிகிறதா?"

புரிகிறது மேடம்.

அப்பா தூரத்தில், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றார். நடுவில் அகலமான புல்வெளி, வண்டிகள். குரல் எடுக்காமல், வாயை மட்டும் அசைத்து, "தேறிட்டேம்ப்பா" என்றேன். அங்கிருந்தே படித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எட்டாவது ரிங்கில் எடுத்தாள். பின்னால் ஹால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆங்? யாரு, வேலுவா? கேக்கலத்தா, இரு, ரோலு ஓடுது..."

போனை எங்கோ வைத்தாள். மேசையாக இருக்கும். இணைப்பை நிறுத்தவில்லை. மெஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, நான் தேறிட்டேன். நீ வெளிய வா. துணிய அப்படியே போட்டுட்டு வா. வீட்டக் காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கிடலாம், கீதா வேற வீடு பாத்து வைக்கிறேங்கறா. நாளைக்கி நீ அந்த ஹாலுக்குள்ள போகக்கூடாது. கேக்குதா? போகமாட்டேன்னு சொல்லு."

மெஷின்கள் ஓடின. நானும் போனை வைக்கவில்லை.

"சொல்லும்மா."