சேகருக்குப் போன லோடு

நவ. 4, செவ்வாய்

ராத்திரி மழை. யார்டு முழுக்கத் தண்ணி. டயருக்குள்ள தேங்கினதைக் கவுத்துக் கொட்டவே மத்தியானம். இல்லன்னா கொசுன்னு பஞ்சாயத்துல இருந்து வந்து நிப்பாங்க.

ஒரகடம் ரப்பர் மேட் கம்பெனி கேட்ல உள்ள விடல. பாஸ் கேன்சல். செக்யூரிட்டி என் முகத்தைப் பாக்காமலே, "உங்க டியூபுல கலப்பு இருக்குதாம்மா. பர்ச்சேஸ் சாரு சொன்னாரு."

அவருக்குச் சொன்னது யாருன்னு கேக்கணுமா. சேகர். எங்கிட்ட டயர் வெட்டக் கத்துக்கினவன், இப்போ சொந்தமா மில்லு. என் பழைய டயர் டியூபை கம்பெனி வாங்கும், அவன் அதை அரைச்சு ரப்பர் ஷீட்டாக்கித் தருவான். இனிமே டியூபும் அவனே வாங்கிப்பானாம்.

திருடின்னு சொல்லியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். கலப்புக்காரின்னுட்டான். தண்டலத்துல இருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் இனி எவன் என் மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம எடுப்பான்?

இனிமே அவன் பேர் சே. முழுப் பேர் எழுதுற மரியாதை கிடையாது.

நவ. 5, புதன்

வெயில். வாங்க: கத்தி, சாக்கு ஊசி, பாமாயில், வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை.

சே.க்கு என்ன செய்யலாம்:
– பொல்யூஷன் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி. (வந்தா என் யார்டையும் பாப்பாங்க. வேணாம்.)
– அவன் ஆபரேட்டரை இழுத்துக்கிறது. (குடிகாரன். எனக்குத்தான் தண்டனை.)
– அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகாம இருக்கிறது. (பத்தாது.)

நவ. 6, வியாழன்

தண்டலம் புரோக்கர் வந்தான். ட்ரையலுக்கு நல்ல நேச்சுரல் ரப்பர் டியூப் வேணுமாம், பார்ட்டி பேர் கேக்கக் கூடாதாம். கேக்க இன்னா கீது. இந்தப் பக்கம் டியூப் அரைக்கிறவன் சே. ஒருத்தன்தான்.

"கலப்புக்காரிகிட்ட எதுக்கு வாங்குறானாம்?"

"யாருக்கா? நான் யாரையும் சொல்லலியே." பல்லைக் காட்றான்.

கொடுத்தேன். கலந்து கொடுத்தேன்.

பியூட்டைல்னு வேற ரப்பர், நேச்சுரலோட சேராது; அந்த டியூப்ல நீலக் கோடு ஓடும். அதைப் பாத்துத்தான் எல்லாரும் தள்ளி வெக்கிறது. கதவைச் சாத்திக்கினு கோடு இருக்கிற பட்டையை மட்டும் வெட்டி எறிஞ்சேன். மிச்சத்தைத் துண்டு போட்டு மூட்டைக்கு மூட்டை ஒரு அள்ளு. கறுப்போட கறுப்பு.

சே. மில்லுல உருளை நசுக்கும், மருந்து உள்ள போய் இறுக்கத்தை அவுக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பழைய ரப்பர் இளகும். ஷீட் பாக்க நல்லாத்தான் வரும். கம்பெனியில அதை மேட்டா வேகவெக்கிறப்பதான் பியூட்டைல் வேலையைக் காட்டும். வேகாது. பிசுபிசுன்னு நிக்கும், பர்ச்சேஸ் சார் கண்ணு முன்னாடி.

லோடு போச்சு. ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவ. 8, சனி

மழை. பர்ச்சேஸ் சார் போன். "திங்கக்கிழமை வந்து பாஸ் வாங்கிக்கங்கம்மா."

"இன்னா சார் திடீர்னு?"

ட்ரையலுக்கு டியூப் யாருதுன்னு சே.யைக் கேட்டிருக்காரு. முழிச்சு முழிச்சு என் பேரைச் சொல்லிட்டான். அந்தம்மா கலப்புன்னியேன்னு சார் கேட்டா, தப்பா சொல்லிட்டேன் சார், அவங்க மாதிரி சுத்தமா யாரும் தரமாட்டாங்கன்னு ஆபீஸே பாக்கத் தலையைச் சொறிஞ்சானாம்.

"திங்கக்கிழமை மேட் போட்டுப் பாத்துடலாம். உங்க டியூப்தானே, பயமில்ல"ன்னு சிரிக்கிறாரு.

அவன் தலை குனியணும்னு துடிச்சேன். குனிஞ்சுட்டான். எனக்கு ஒரு வாய் காப்பி எறங்கல. மேட் வேகலன்னா நான் கலப்புக்காரிதான், சாகிற வரைக்கும். பாவி, ரெண்டு நாள் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா.

அரைச்சிட்டியான்னு சே.க்குப் போன் போட்டுக் கேட்டேன். "எங்கக்கா, ரெண்டு நாளா கரண்டே இல்ல. நாளைக்குத்தான்." நான் வர்ற வரைக்கும் ஓட்டாதேன்னேன்.

நவ. 9, ஞாயிறு

தூறல். விடிஞ்சதும் அவன் மில்லு. மூட்டை எல்லாத்தையும் தரையில கொட்டச் சொன்னேன்.

"இன்னாக்கா, உன் சரக்கை நீயே நம்பலியா?"

"வாயை மூடிக்கினு ஒரு ஸ்டூல் போடு."

ஒவ்வொரு துண்டா இழுத்து விட்டேன். நேச்சுரல் வெடுக்குனு சுருங்கும். பியூட்டைல் மெதுவா, தூங்கி எழுந்த மாதிரி திரும்பும். அதெல்லாம் என் பைக்குள்ள. விரல் நுனி எரியுது. அவன் பொண்டாட்டி மல்லிகா டீ கொடுத்தா. சக்கரை ஜாஸ்தி.

கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். அப்புறம் எதிர்ல குத்த வெச்சு உக்காந்து அவனும் இழுக்க ஆரம்பிச்சான். ஒரு துண்டு மெதுவாத் திரும்பிச்சு. பாத்தான். இன்னொண்ணு. அதையும் பாத்தான்.

"கரண்டு வந்துடுச்சுக்கா. இன்னிக்கே ஓட்டிடலாம்"னான். அந்த ரெண்டையும் தனியா வெச்சுட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

மத்தியானத்துக்கு மேல மில் ஓடிச்சு. ஷீட் வழவழன்னு. கிளம்புறப்ப, அவன் பொறுக்கினதைக் கொடுடான்னு பையை நீட்டினேன். எல்லாத்தையும் போட்டான். ரெண்டே ரெண்டு துண்டை மட்டும் சட்டைப் பையில வெச்சுப் பட்டனும் போட்டுக்கினான்.

"அடுத்த லோடு எப்பக்கா?"

"புதன்."

"நேரா எனக்கே அனுப்பு. கம்பெனிக்கு நானே கொடுத்துக்கிறேன். உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?"

அந்தப் பட்டனைப் பாத்துக்கினே சரின்னேன்.