கழுத்து திரும்புகிற வரைக்கும்

3.2.2025, திங்கள்

பைக்குக்கு ஆயில் மாற்றினேன். கொளஞ்சி இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில்தான் சின்னசேலம் சந்தைக்குப் போனாள். நான் வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பார்த்தும் பார்க்காத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். கட்டின பொண்டாட்டி!

எல்லாம் போன வாரத்துக் கதை. நைனார்பாளையம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினேன். பின்னால் பால் வண்டி. கொளஞ்சி, "ஏங்க, ஏங்க" என்று தோளைத் தட்டினாள். திரும்பிப் பார்க்கலாமென்றால் கழுத்து பாதிக்கு மேல் வரவில்லை. பிரேக்குக்குப் போன வலது கால் கட்டை மாதிரி நின்றுவிட்டது. பைக் சரிந்து, இரண்டு பேரும் ரோட்டோரப் புழுதியில். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் கழுத்தத் திருப்பிக் காட்டுங்க. அப்பத்தான் உங்க பின்னாடி உக்காருவேன்."

யாரிடம் சொல்கிறாள்? மலை ரூட்டில் பஸ் ஓட்டியே ரிட்டயர்டு ஆனவனிடம்!

5.2.2025

மலைமேல் கரியாலூரிலிருந்து மாதன் போன். அந்தக் காலத்தில் சாமை மூட்டையோடு என் பஸ்ஸில் ஏறிப் பழக்கமானவன். அவன் மகள் நர்மதா, அருவிக்குப் போகிற ரோட்டில் டீக்கடை வைக்கிறாளாம், ஜூன் மாதம் திறப்பு. "அக்காவ இட்டுக்கினு வந்துடணும், ஆமா" என்றான்.

கொளஞ்சியிடம் சொன்னேன். "போலாமே. நீங்க பைக்ல வாங்க, நான் பஸ்ல வரேன்."

நான் ஓட்டின ரூட்டில், என் பொண்டாட்டி எவனோ ஓட்டுகிற பஸ்ஸில் வந்து இறங்குவாளாம். மலை முழுக்க என்னைத் தெரியுமே, நாலு பேர் கேட்க மாட்டார்களா? இந்த அவமானம் வேறயா எனக்கு?

9.2.2025, ஞாயிறு

டிரைவருக்குக் கழுத்து எதுக்கு? கண்ணாடி இருந்தால் போதாதா? லாரிக்கு மாட்டுகிற பெரிய கண்ணாடி இரண்டு வாங்கி பைக்கில் மாட்டினேன்.

கொளஞ்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "இன்னா இது, சலூன் கட வெக்கப் போறீங்களா?"

சாயந்திரமே கழற்றிவிட்டேன்.

12.2.2025

யோகா வகுப்புக்குப் போனேன். வேறு வழி? சின்னசேலத்தில் ஜெயசுதா என்றொரு அம்மா சொல்லித் தருகிறார். தலைகீழாக நிற்கச் சொல்வார்கள் என்று வேட்டியை விட்டுவிட்டு பேன்ட் போட்டுக்கொண்டு போனால், அந்த அம்மா கால் விரலை விரிக்கச் சொல்கிறார்! கால் விரலை ஆட்டவா இவ்வளவு தூரம் வந்தேன்? கேட்டேவிட்டேன்.

"முட்டி வலி, இடுப்பு வலின்னாதான் சார் வர்றாங்க. வெரலு, கணுக்காலு, மணிக்கட்டு, கழுத்து இதயெல்லாம் யாரும் கண்டுக்கறதில்ல. வயசானா இதுங்க இறுகிப்போயிதான் பாதிப் பேரு வுழறாங்க."

கட்டை விரல் விரிந்தது. மற்ற நாலும் ஒட்டிக்கொண்டு நின்றன. கணுக்காலைச் சுற்றச் சொன்னார். இடது கால் சுற்றியது, வலது கால் அசையவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். ஆக்ஸிலேட்டர் மேல் வைத்த மேனிக்கே கால் நின்றுபோயிருக்கிறது! கழுத்தும் அப்படித்தான். மலை வளைவில் கண்ணை முன்னால் வைத்தே பழகின கழுத்து.

13.2.2025

சுண்டு விரல் இன்றைக்கும் என் பேச்சைக் கேட்கவில்லை.

20.2.2025

எழுதவே முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மெதுவா, மூச்சோட, ஒவ்வொரு பக்கமா — அப்படித்தான் அந்த அம்மா சொன்னார். நான் சீக்கிரம் சரியாகட்டும் என்று கழுத்தை ஒரே சுற்றாகச் சுற்றினேன். கடக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். போனில் ஜெயசுதாம்மா விட்ட டோஸ்: "ஸ்டியரிங்கா சார் அது, ஒடிச்சி சுத்தறதுக்கு?"

கொளஞ்சி உப்பு ஒத்தடம் கொடுத்தாள். "வீம்புக்குப் பண்ணாதீங்க. நான் கேலி பண்ணியா சொன்னேன்? அன்னிக்கி அந்தப் பால் வண்டிய பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உங்களுக்கு ஒன்னு ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் என் மானத்தைப் பற்றியே நினைச்சிக்கினு இருந்துட்டேன். இவ பயந்துக்கினு இருந்திருக்கா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சொன்னாத்தான் எனக்குப் புரிஞ்சிருக்குமா?

16.3.2025, ஞாயிறு

கழுத்து சரியாகிவிட்டது. மறுபடி ஆரம்பத்திலிருந்து, அவசரமில்லாமல். தாடையைத் தோளுக்கு நேராகக் கொண்டுபோய், அங்கேயே மூச்சு விட்டு, திரும்பி வர வேண்டும்.

இன்றைக்குக் கொளஞ்சியும் பாயில் வந்து உட்கார்ந்தாள். மெட்டி போட்ட விரல்கள் எடுத்த எடுப்பில் விசிறி மாதிரி விரிந்தன. எரிச்சலாக இருந்தது. ஆனால் உள்ளங்கையைத் தரையில் ஊன்றச் சொன்னால் மணிக்கட்டு மடங்கவில்லை, "அய்யோ" என்கிறாள். "இன்னாடி, கையும் ரிட்டயர்டா?" என்றேன். தொடையில் ஒரு அடி விழுந்தது. வெகு நாளைக்கப்புறம் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

6.4.2025

சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போட்டேன். யாரிடம் சொல்ல?

14.4.2025

சித்திரை பிறந்துவிட்டது. படையல் முடிந்து, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தேன். வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானே சொன்னேன். "அதுக்கு இன்னா, ஆரத்தி எடுக்கணுமா?" என்றாள் கொளஞ்சி. வடை மட்டும் ஒன்று ஜாஸ்தி வந்தது.

11.5.2025, ஞாயிறு

பரீட்சை. நான் பைக்கில் உட்கார வேண்டும், கொளஞ்சி பின்னால் நின்று விரலைக் காட்டுவாள், நான் கழுத்தை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இடது பக்கம்: "மூணு." சரி.

வலது பக்கம் அவள் கையே தெரியவில்லை. குத்துமதிப்பாக "நாலு" என்றேன்.

"வெரலே காட்டல. எடது பக்கம் பாஸு, வலது பக்கம் பெயிலு." உள்ளே போய்விட்டாள்.

பெயிலாம்! ஆனாலும் கோபம் வரவில்லை. போய்ப் பாயை விரித்தேன்.

1.6.2025, ஞாயிறு

வலது பக்கம். "ரெண்டு" என்றேன். விரலை மடக்கிக்கொண்டாள். அப்புறம், "தோச ஊத்தவா?" என்றாள். இதுக்கு இன்னா அர்த்தம், பாஸா பெயிலா? கேட்கவும் பயமாக இருக்கிறது.

8.6.2025, ஞாயிறு

நர்மதா கடை திறப்பு. காலையில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொளஞ்சி பட்டுப்புடவையில் வந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "போலாம்" என்றாள். காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். ஒரு வளைவுக்கு முன்னால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் லாரி. ஓரம் கட்டி வழி விட்டேன். கால் சொன்னபடி பிரேக்கை அமுக்கியது. கல்யாணமான நாள் முதல், வண்டியில் ஏறினால் "லாரி வருது, பஸ் வருது, பாத்து" என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே வருகிறவள். இன்றைக்கு வாயே திறக்கவில்லை. மறுபடி கோபமா?

மேலே போய் வண்டியை நிறுத்தினேன். "ஏன்டி, அவ்ளோ பெரிய லாரி வந்துச்சே, ஏன் சொல்லல?"

"லாரி வந்துச்சா?" என்றாள். பார்க்கவே இல்லையாம். கீழே பள்ளத்தைக் காட்டினாள். "எத்தினி வாட்டி உங்ககூட இந்த மலைக்கி வந்திருக்கேன். இன்னிக்கித்தாங்க பாக்கறேன். இவ்ளோ பச்சையாவா இருக்கும்!"

நர்மதா கடையில் இரண்டு டீ குடித்தேன். மாதன் சாப்பிடாமல் விடவில்லை. இறங்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.