பேனுக்கு மட்டும் இடம்

பங்குனி 3, காலை 6.10
நிலவுத் தென்முனைத் தோட்டம். எழுதுவது பேச்சியம்மாள், பயிர்ப் பாதுகாப்பு. இங்கே இருப்பது நான் ஒருத்திதான். கத்தரி இலைகளின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன், மெல்லிய வலை. இலையைத் திருப்பித் திருப்பி, சிவப்பு லேபிள் மருந்து அடித்தேன். அடுத்த முறை நீலம், பிறகு பச்சை. ஒரே மருந்தை அடித்தால் பேன் பழகிவிடும். அறுவடை முடிந்ததும் கப்பல் வரும், ஊருக்குப் போகலாம்.

பங்குனி 19, மாலை 5.40
நீலத்துக்கும் சாகவில்லை, பச்சைக்கும் சாகவில்லை. ஜாலியாக உலாவுகின்றன. கீழே பூமியில், கம்பெனியில் இருக்கும் சகாயத்திடம் கேட்டேன். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவன், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன்.
"யக்கா, மாத்தி மாத்தி அடிங்க. நான் இருக்கேன்லா, எதுக்குப் பயப்படுதீய?"
மனம் லேசானது. மறுபடி அடித்தேன்.

சித்திரை 2, மதியம் 1.15
சந்தேகம் விடவில்லை. மூன்று பாட்டிலையும் சோதனைக் கருவியில் வைத்தேன். மூன்றும் ஒரே மருந்து, லேபிள்தான் வேறு. அந்த மருந்துக்குச் சாகாத பேனை நானே வளர்த்திருக்கிறேன்.

அதே நாள், மாலை 4.30
சகாயத்திடம் கேட்டேன்.
"யக்கா, கோவப்படாதீய. சாகாத பேனுதான் கம்பெனிக்கு வேணும், புது மருந்து செய்ய. ஊருல வளத்தா பரவிரும்லா, அதான் அங்க. எனக்கு மொதல்லயே தெரியும். பேன ஒரு பெட்டில அடச்சு வைங்க, சரக்குக் கப்பல் வந்து எடுத்துக்கிடும். ஆள் ஏறுத கப்பலுக்குச் செலவு ஜாஸ்தின்னுட்டாவ. உங்கள அப்புறம் பாத்துக்கிடலாம்."
என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்று படித்தவன். பாவி.

சித்திரை 3, காலை 7.00
தோட்டத்தின் காற்றை வெளியே திறந்துவிட்டேன். செடியும் பேனும் விறைத்துப் போயின. ஒரே ஒரு செடியைப் பேனோடு என் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன். அனுப்பிய செய்தி: "பேன் வேணும்னா ஆள் ஏறுத கப்பல அனுப்பு. சேந்துதான் வருவோம்."

சித்திரை 11, மாலை 6.20
"கப்பல் கெளம்பிட்டு யக்கா. ஆனா பேன் உசுரோட இருக்கணும். இல்லன்னா பாதியிலயே திரும்பிரும்."
என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செடி பாதி காய்ந்துவிட்டது. என் குடிதண்ணீரை ஊற்றினேன்.

சித்திரை 14, நேரம் பார்க்கவில்லை
கடைசி இலை. என் குடிதண்ணீரும் தீர்ந்துவிட்டது. ஓரம் கருகுகிறது. இன்னும் தின்கின்றன. மெதுவாகத் தின்னுங்கள். உங்களைக் கொல்ல வந்தவள்தான், மறந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம். சாகாதீர்கள். தயவுசெய்து சா